மூடப்பட்ட வாயும் மூடிக்கொண்ட வாயும்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்த தோழர்கள் நடந்ததைச் சொன்னார்கள். உங்கள் விடுதியில் இருந்த முதலாமாண்டு மாணவர் ஒருவர் பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய நடையைக் கேலி செய்திருக்கிறார்கள், குரலைக் கேலி செய்திருக்கிறார்கள். அது போதாதென்று அவர் ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்து, அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கண்டித்து அடுத்த வாரம் ஒரு நாள் முழுவதும் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பது என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். 'சகிப்புத்தன்மைக்கும் ஏற்புக்குமான மௌனப் போராட்டம்' என்று தலைப்பும் வைத்திருக்கிறீர்கள்.

வந்தவர்களில் ஒரு தங்கை கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "சார், நம்ம பாட்டன் பூட்டனையெல்லாம் வாயைத் திறக்க விடாமத்தான் வச்சிருந்தாங்க. இப்பத்தான் நாலு எழுத்து படிச்சுப் பேச வந்திருக்கோம். நாமளே போய் வாயைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று தொடங்கிய முதல் பத்திரிகைக்கு என்ன பெயர் வைத்தார்? 'மூக்நாயக்'. ஊமைகளின் தலைவன் என்று பொருள். பிறவியிலேயே ஊமையானவர்களை அவர் சொல்லவில்லை. ஊமையாக்கப்பட்டவர்களைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வைக்கப்பட்டவர் அவர். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கவே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தவரின் வழியில் வந்த நாம், வலிய மௌனத்தை எடுத்துக்கொள்வதா? கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் இந்தப் போராட்ட வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் துண்டறிக்கையில் 'மௌன தினம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கதை தெரிந்தால் நம் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1996ஆம் ஆண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகம். அகிம்சைப் போராட்டங்கள் பற்றிய ஒரு வகுப்பில் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவி ஒருவர், பாடத்துக்காகச் செய்ய வேண்டிய ஒரு வேலையாக இதை யோசிக்கிறார். தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வகுப்பறையில் தாங்கள் யார் என்பதையே வெளியில் சொல்ல முடியாமல் வாயடைத்துக் கிடக்கிறார்கள். அந்த மௌனம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் நாம் எல்லோரும் பேசாமல் இருந்தால் தெரியும் அல்லவா? இவ்வளவுதான் யோசனை. 150க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 100 கல்லூரிகளுக்குப் பரவியது. பிறகு பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் நடக்கிற நிகழ்ச்சியாக அது வளர்ந்தது.

எப்படி நடத்துவார்கள் தெரியுமா? பேசாமல் இருப்பவர் கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். யாராவது பேச வந்தால் அதை நீட்டுவார். நான் ஏன் பேசவில்லை, யாருடைய மௌனத்தை நினைவூட்டுகிறேன், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அதில் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அமைப்பாளர்களே சொல்லியிருந்தார்கள். இடைவேளையில், சாப்பாட்டு நேரத்தில், நடைபாதையில்தான் மௌனம். நாள் முடிந்ததும் ஓரிடத்தில் கூடி மௌனத்தைக் கலைத்துப் பேசுவார்கள்.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. 2005இல் ஒரு கிறித்தவச் சட்ட அமைப்பு இதற்குப் போட்டியாக 'உண்மை தினம்' என்று ஒன்றைத் தொடங்கியது. அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதீர்கள் என்று பெற்றோர்களிடம் பிரச்சாரம் செய்த குழுக்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள். பேசினால் எதிர்ப்பது புரிகிறது. பேசாமல் இருப்பதையும் ஏன் எதிர்க்கிறார்கள்? அந்த மௌனம் எதையோ உரக்கச் சொல்லிவிட்டது என்றுதானே பொருள்?

2008 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு நகரத்துப் பள்ளி ஒன்றில், 15 வயது மாணவர் ஒருவர் கணினி அறையில் உடன் படித்த மாணவனால் சுடப்பட்டு உயிரிழந்தார். ஒரு ஆண்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் வைத்திருக்கும் கணக்குக்குள் அடங்காத பிள்ளை அவர். அந்த ஆண்டு மௌன தினம் அவர் நினைவாக நடந்தது. கேலி எங்கே போய் முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் விடுதியில் நடந்ததை 'சும்மா விளையாட்டுக்கு' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தோழர்களே, அமெரிக்காவில் மௌனத்தை ஆயுதமாக எடுத்தவர்கள் இந்த மாணவர்கள்தான் முதலில் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு 79 ஆண்டுகள் முன்பே கறுப்பின மக்கள் எடுத்திருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டு கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று, வீடுகளைக் கொளுத்தியது. அதைக் கண்டித்து ஜூலை 28 அன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் சுமார் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஒரு முழக்கம் கிடையாது. பறையைத் தட்டும் மெல்லிய ஓசை மட்டும். முன்வரிசையில் வெள்ளை உடையில் குழந்தைகள், பின்னால் வெள்ளை உடையில் பெண்கள், அதற்குப் பின்னால் கறுப்பு உடையில் ஆண்கள். கைகளில் பதாகைகள். அம்பேத்கர் படித்த அதே நியூயார்க் நகரம் அது. அவர் அங்கிருந்து லண்டன் போன மறு ஆண்டு இது நடந்தது.

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் சில பள்ளி மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டிக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். ஒருவருக்கு வயது 13, அவர் அண்ணனுக்கு 15. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் வென்றார்கள். பள்ளி வாசலில் காலெடுத்து வைத்ததும் மாணவரின் பேச்சுரிமை போய்விடாது, வகுப்பைப் பெரிதாகக் குலைக்காத வரை அதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

நம் நாட்டிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் மத நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் இருக்கிறது என்று நமக்குக் காட்டிய வழக்கு அது. அந்தப் பிள்ளைகளின் மதக் காரணத்தில் நமக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது வேறு. அவர்கள் வாயைக் கட்டாயப்படுத்தித் திறக்க அரசுக்கு உரிமையில்லை என்பதில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டும். வாயைத் திறக்க வைப்பதும் மூட வைப்பதும் ஒரே அதிகாரம்தான்.

இனி என் கதையைச் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிராமத்துப் பள்ளிக்கூடம். ஆண்டுக்கு ஒருமுறை உதவித்தொகைப் பட்டியல் வரும். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர்கள் எப்படிச் செய்தார்களோ அப்படியே நானும் செய்தேன். வகுப்பில் நின்றுகொண்டு, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்பேன். எண்ணுவேன். பெயர் எழுதுவேன். அரசாங்கம் காசு கொடுக்கிறது, வாங்கித் தருகிறேன், இதில் என்ன தவறு என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்திருக்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காது கேக்கலையா? திமிரா?" என்று கத்தினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் அறைக்கு வந்து சொன்னபோது, "இதுங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. தேநீரைக் குடித்தேன்.

அந்தப் பிள்ளை அந்த ஆண்டோடு நின்றுவிட்டாள். இதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இது காரணமில்லை என்றும் சொல்ல முடியாது. அவளைத் தேடிப் போய் நான் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு மௌனப் போராட்டம் நடந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளை தன்னந்தனியாக நடத்தியது. அதைப் போராட்டம் என்று படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. 'திமிர்' என்று பெயர் வைத்தேன்.

அன்றைக்கு மற்ற முப்பத்தொன்பது பேரும் அவளோடு சேர்ந்து எழ மறுத்திருந்தால்? அல்லது எல்லா சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து எழுந்து நின்றிருந்தால்? நான் பட்டியலை மடித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். ஒருத்தி பேசாமல் இருந்தாள், அதற்குப் பெயர் திமிர். நாற்பது பேர் பேசாமல் இருந்திருந்தால் அதற்குப் பெயர் போராட்டம்.

தங்கையே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். யார் வாய் காலங்காலமாக மூடப்பட்டதோ அவர்கள் மீண்டும் மூடிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. இதுவரை யார் வாய் மூடப்படவே இல்லையோ, வகுப்பிலும் விடுதியிலும் வீட்டிலும் தெருவிலும் யார் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் ஒரு நாள் மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் மௌனம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். ஒரு நாளிலேயே எத்தனை முறை பேச வாயெடுத்துப் பேச்சை விழுங்குகிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும். விடுதியை விட்டுப் போன அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் விழுங்கியது அதுதான்.

ஆகவே உங்கள் போராட்டத்தில் ஒரு திருத்தம் சொல்கிறேன். கறுப்புத் துணி கட்டி நிற்பவர்களில் பாதிக்கப்பட்டவர்கள் யார், ஆதரவாளர்கள் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. யாரையும் 'நீ வந்து நில்' என்று வற்புறுத்தவும் கூடாது. தான் யார் என்று சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் உரிமை. என்னைப் போல யாரையும் எழுப்பி நிற்க வைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது திருத்தம், தலைப்பில். 'சகிப்புத்தன்மை' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் தமிழில் நாம் எதைச் சகித்துக்கொள்கிறோம்? பல்வலியைச் சகிக்கிறோம். சித்திரை வெயிலைச் சகிக்கிறோம். பேருந்து நெரிசலைச் சகிக்கிறோம். மனிதரைச் சகிப்பதா? கூடப் படிப்பவர் என்ன பல்வலியா? 'ஏற்பு' என்ற சொல்லிலும் எனக்கு இடறல் இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், மறுக்கும் அதிகாரமும் தன்னிடம் இருக்கிறது என்று சொல்வதாக ஆகிறது. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார்?

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். தீண்டப்படாதவர்களைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்லவில்லை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று சொல்கிறது. சின்னப்ப ரெட்டி தன் தீர்ப்பில் சகிப்புத்தன்மையைப் போற்றித்தான் முடித்தார். அரசு தன் குடிமக்களிடம் காட்ட வேண்டிய பண்பு என்ற அளவில் அது சரி. மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நாம் கேட்பது சமத்துவம், சுயமரியாதை. பதாகையில் அதை எழுதுங்கள்.

சாதியையும் பாலினத்தையும் ஏன் ஒரே மேடையில் பேசுகிறீர்கள் என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் என்ன சொன்னார்? சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். யார் யாரோடு சேரலாம், யார் யாரோடு சேரக் கூடாது என்று கட்டுப்படுத்தித்தான் சாதி வாழ்கிறது. பக்கத்துத் தெருப் பையனைக் காதலித்த மகளை வீட்டில் பூட்டி வைக்கிற அதே கைதான், தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த மகனையும் பூட்டி வைத்து அவசரக் கல்யாணம் செய்து வைக்கிறது. அந்தத் தம்பியை இரண்டு விதமாகக் கேலி செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவதாக, மௌனம் போதாது. இதையும் அந்த அமெரிக்க மாணவர்களிடமிருந்தே கற்கலாம். 2022இல் புளோரிடா மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. தொடக்க வகுப்புகளில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றி ஆசிரியர் பாடம் நடத்தக் கூடாது என்றது. அரசே வாயை மூடச் சொல்கிறது. அப்போது மாணவர்கள் என்ன செய்தார்கள்? வகுப்பைவிட்டு வெளியே வந்து முழக்கமிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் மௌன தினத்தை நடத்திய அமைப்பே, 'மௌனம்' என்ற சொல்லுக்கு முன் 'இல்லை' என்று சேர்த்துப் பெயரை மாற்றிக்கொண்டது. மௌனம் எப்போது கேள்வியாக இருக்கிறது, எப்போது கீழ்ப்படிதலாக மாறிவிடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப வடிவத்தை மாற்றினார்கள்.

நீங்களும் மாலை ஐந்து மணிக்குத் துணியை அவிழ்த்த பிறகு பேச வேண்டும். என்ன பேசுவது? குறிப்பாகப் பேசுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. சாதி, நிறம், மதம் முதலியவற்றோடு பாலினம், பாலீர்ப்பு, தோற்றம் ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும்கூட ராகிங் என்று அது சொல்கிறது. திருநர் என்பதும் அதில் வெளிப்படையாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புக்கான ஒரு பிரிவும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அவர் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் அட்டையில் அச்சடித்து, அன்றைக்குப் பேச வருகிறவர்கள் கையில் கொடுங்கள். முதல்வர் வந்தாலும் கொடுங்கள். பேசாமலே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு பேர் அந்தத் தம்பியின் ஊருக்குப் போங்கள். போராட்டத்துக்கு முன்னாலேயே போங்கள். அவர் பெயரைச் சொல்லலாமா, கூடாதா என்று அவரிடம் கேளுங்கள். திரும்பி வர விருப்பமா என்று கேளுங்கள். வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு நான் சைக்கிளை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நானும் வருகிறேன். எனக்கும் ஒரு கறுப்புத் துணி எடுத்து வையுங்கள். நிறையப் பேசிய வாய் இது. ஒரு நாள் மூடியிருக்கட்டும்.